நாலரையும் மூணேகாலும்

நாலரை என்பது ஒரு கம்ப்யூட்டரின் பேர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அது வந்தபோது முன்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கைபட்டுக் கைபட்டு அதிலிருந்த மற்ற எழுத்தெல்லாம் அழிந்துபோக, 4.5 மட்டும் மிஞ்சியது. அதுவே பேராக நிலைத்துவிட்டது. "நாலரையைப் போடு", "நாலரை சூடாகுது, விசிறியை இந்தப் பக்கம் திருப்பு" என்று வீட்டில் ஓர் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்கள். அதற்குத் தனி மேஜை, தனி விசிறி, பூப்போட்ட துணி உறை. கல்யாணமாகி வந்து எட்டு மாதமான சின்னவளுக்கு இன்னும் தனி அலமாரிகூடக் கிடைக்கவில்லை.

மாடியில் குடித்தனம், கீழே எம்பிராய்டரிப் பட்டறை. பட்டறையில் இரண்டு மெஷின்கள். ஒன்றைச் சின்னவளின் கணவன் ஓட்டினான். இன்னொன்றை ஓட்ட அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வருவாள். காலையில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தால் மாலையில் செருப்பை மாட்டும்வரை வாய் ஓயாது. அதனால் அவளுக்கு ரேடியோ என்று பேர். சின்னவள் நேர் எதிர். பேச நினைத்ததைத் தொண்டைவரை கொண்டுவந்து, அங்கேயே உட்காரவைத்து, பிறகு திருப்பி அனுப்பிவிடுவாள். இரண்டு மெஷினுக்கும் நடுவில் இருந்த மேஜையில் உட்கார்ந்து, முடிந்துவரும் துணிகளில் பிசிர் வெட்டுவது அவள் வேலை. இயற்பியல் படித்தவள். கத்தரிக்கோலுக்கு அது தெரியாது.

பட்டறையின் உயிர்நாடி பஞ்சிங். அதாவது, ஒரு படத்தை வாங்கி, ஊசி எங்கே குத்தவேண்டும், எங்கே தாவவேண்டும் என்று கம்ப்யூட்டரில் தையலாக மாற்றும் வேலை. அதைச் செய்தது அவள் கணவனின் அண்ணன். வயது நாற்பத்திரண்டுதான். ஆனாலும் ஊருக்கே அவர் பெரியவர். நாலரைக்கு முன்னால் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் ஓட்டலிலிருந்து வேலை வந்தது. முகப்புக் கூடத்துச் சுவருக்கு ஒரு பெரிய மரம். இரண்டு லட்சம் தையல். இலைக்கு இலை நிறம் வேறு. பெரியவர் ஓர் இலையை நகர்த்துவார். உடனே நாலரை முழு மரத்தையும் மறுபடி கணக்குப் போட உட்காரும். பதினோரு நிமிஷம். அவர் டீ குடித்து, பேப்பர் படித்து, வாசலுக்குப் போய் மழை வருமா என்று பார்த்துவிட்டு வருவார். அடுத்த இலை.

"இப்படியே போனா இந்த மரம் பூத்துக் காய்ச்சிடும், நாம முடிக்க மாட்டோம்" என்று ஒருநாள் சாப்பிடும்போது அலுத்துக்கொண்டார். "இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கணும். எது நல்லதுன்னு யாருக்குத் தெரியுது?"

"நான் பாக்கறேன் மாமா."

சொன்னது யார் என்று எல்லோரும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். சின்னவளே சற்றுப் பயந்துபோய்த்தான் இருந்தாள்.

பெரியவருக்கு அது பிடித்துப்போனது. "சரி, பாரு. நீ தேர்ந்தெடுத்தது நல்லபடியா வேலை செஞ்சா அதுல நீயே உக்காரு. பஞ்சிங் கத்துத் தரேன். ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்ங்கறான் கடைக்காரன். சரியில்லேன்னா பேசாம திருப்பிடுவோம்."

பத்து நாள் சின்னவள் போனிலேயே கிடந்தாள். யார் எந்த மாதிரி வேலைக்கு எதை வாங்கினார்கள், எத்தனை நிமிஷம் ஆனது என்று படித்துப் படித்துக் கடைசியில் ஒன்றைச் சொன்னாள். அது ஒரு சனிக்கிழமை வந்து இறங்கியது.

பெட்டியைப் பிரித்ததும் பெரியவர் முதலில் தேடியது ஸ்டிக்கரைத்தான். 3.25 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, மூணேகால்னு போட்டிருக்கு?"

"ஆமா மாமா."

"நம்மகிட்ட இருக்கறது நாலரை."

"ஆமா மாமா."

"நாலரை இருக்கற வீட்டுக்கு மூணேகாலைக் கொண்டுவந்தா, நடுவுல ஒண்ணேகால் எங்க போச்சு?"

"வழியில சிந்தியிருக்கும்" என்றாள் ரேடியோ, ஊசியில் நூல் கோத்தபடியே.

சின்னவளிடம் பதில் இருந்தது. அந்த எண், உள்ளே இருக்கும் சில்லு ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்று சொல்லாது. எத்தனை கைகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று சொல்லாது. இதையெல்லாம் அவள் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"நம்பர் மட்டும் இல்ல மாமா..." என்றாள். மற்றதெல்லாம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

புதுசுக்கு அன்றே மூணேகால் என்று பேர் விழுந்துவிட்டது. அது வந்த அட்டைப்பெட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை. திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று, ஓரம்கூட மடங்காமல் சுவரோரம் நிறுத்திவைத்தார்கள். பிசிர் மேஜையிலிருந்து நிமிரும்போதெல்லாம் சின்னவள் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை சோதனை. யோசனை அவள் ஓரகத்தியுடையது. பெரியவரின் மனைவி. பட்டறையின் சாவிகள் எல்லாம் அவள் இடுப்பில்தான். அந்தக் கொத்தில், சிவப்பு நூலில் கட்டிய ஒரு பென் டிரைவும் தொங்கும். வீட்டின் அத்தனை டிசைனும் அதில் இருந்தது. ஒரு காலத்தில் அவை கம்ப்யூட்டரிலேதான் இருந்தன. ரிப்பேருக்கு எடுத்துப்போன ஆள், போன வேலையோடு இன்னொரு வேலையும் பார்த்துவிட்டான். மூன்றே மாதத்தில் இவர்கள் வீட்டு ரோஜாக்கொடி வேறொருவர் கடையில் மெத்தை விரிப்பாகத் தொங்கியது. அன்றிலிருந்து சட்டம் போட்டாள் ஓரகத்தி. டிசைன் நாலரையில் இருக்கலாம், பென் டிரைவில் இருக்கலாம். வேறெங்கும் ஏறக்கூடாது.

"நாலரை வீட்டுப் பிள்ளை. புதுசு நேத்து வந்தது. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு நூலை அவிழ்த்துக் கொடுத்தாள். "அதுலயே வச்சுத் திறந்துக்கோ. உள்ளே ஏத்திடாதே."

"சரிக்கா."

இரண்டிலும் அதே மரம். இரண்டிலும் அதே இலையை நகர்த்தினார்கள். கணவன் "ஸ்டார்ட்!" என்று கத்தினான். ரேடியோ தன் மெஷினை நிறுத்திவிட்டு நடுவில் வந்து நின்றாள். "இந்தப் பக்கம் நம்ம நாலரை, அந்தப் பக்கம் புது மாப்பிள்ளை மூணேகால்... நாலரை முந்துது, நாலரை முந்துது..."

"பேசாம இரேன்" என்றான் கணவன். அவன் குரலில் கொஞ்சம் கவலை இருந்தது.

நாலரை விசிறி இரைய, சூடாக மூச்சு விட்டபடி பதினோரு நிமிஷத்தில் முடித்தது. மூணேகால் சத்தமே போடாமல் ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது நிமிஷம்.

பெரியவர் கேலி செய்திருந்தால் தேவலை. அவர் செய்யவில்லை. "சரி விடும்மா. நமக்கென்ன, கம்ப்யூட்டர் கம்பெனியா வச்சிருக்கோம்? சனிக்கிழமை காலையில நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். அந்தக் கனிவு அவளுக்குக் கத்தரிக்கோல் நுனிபோலக் குத்தியது. பென் டிரைவைக் கழற்றி ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் பிசிர் மேஜைக்குப் போனாள்.

மாடியில் கணவன் கேட்டான். "தப்பா எதையாவது வாங்கிட்டோமா?"

"இல்ல."

"பின்னே?"

"தெரியல."

"தெரியலேன்னா அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அதான் சொல்லல."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப்பை முத்திரைகள் ஓடின. ஒரே டிசைன், இரண்டு மெஷினிலும். ஐந்து நிறம். கணவன் தன் மெஷினை ஆயிரத்தில் வைத்திருந்தான். நிமிஷத்துக்கு ஆயிரம் குத்து. மெஷினின் சின்னத் திரையில் அந்த எண் பெரிதாகத் தெரியும். அவனுக்கு அதில் ஒரு பெருமை. வெளியாள் யாராவது வந்தால் திரை தெரிகிற மாதிரி சற்று நகர்ந்து நிற்பான். ரேடியோவின் மெஷினில் எழுநூற்றைம்பது.

சின்னவள் நடுவில். இடப்பக்கத்திலிருந்து கணவனின் துணி வரும், வலப்பக்கத்திலிருந்து ரேடியோவின் துணி வரும். வந்த வரிசையில் வெட்டி அடுக்குவாள். பத்தரை மணிக்குப் பார்த்தபோது வலப்பக்க அடுக்கு உயரமாக இருந்தது. முதலில் அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. எப்போதும் அப்படித்தான் இருக்கும். எட்டு மாதமாகத் தினமும் வலப்பக்கம்தான் உயரம்.

எட்டு மாதமாக.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அண்ணீ! பச்சை!" என்று கணவன் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். நூல்கண்டு அலமாரியின் சாவியும் ஓரகத்தியின் கொத்தில்தான் இருந்தது. அவள் அடுப்பில் எதையோ இறக்கிவைத்து, கையைத் துடைத்து, படியிறங்கி வந்து, அலமாரியைத் திறந்து பச்சையை எடுத்துக் கொடுக்கும்வரை அவன் மெஷினில் சாய்ந்து நிற்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குக் குறையாது. ரேடியோ அப்படியில்லை. காலையில் வந்ததும் வராததுமாக ஓரகத்தியைப் பிடித்து, அன்றைக்கு வேண்டிய ஐந்து நிறத்தையும் கேட்டு வாங்கி மெஷின்மேல் வரிசையாக நிறுத்திவிடுவாள். வாய்தான் ஊர் சுற்றும். கை எதற்கும் காத்திருக்காது.

சின்னவள் கணவனின் மெஷினைப் பார்த்தாள். ஊசி அசையவில்லை. துணி அசையவில்லை. திரையில் மட்டும் 1000 என்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

நிற்கிற மெஷினிலும் ஆயிரம்தான்.

புதன்கிழமை அவள் கண்ணெதிரே இருந்து, அவள் பார்க்காமல் விட்ட இரண்டு விஷயங்கள் இப்போது வரிசையாக வந்து நின்றன. ஒன்று, மூணேகாலின் விசிறி. அது இரையவே இல்லை. வேலை செய்கிற இயந்திரம் சூடாக வேண்டும், சூடானால் விசிறி இரைய வேண்டும். பத்தொன்பது நிமிஷமும் அது குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. இரண்டு, பென் டிரைவின் நுனியில் இருந்த சின்ன விளக்கு. அது ஒரு கணம்கூட ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

பஞ்சிங் செய்யும் மென்பொருள் ஒவ்வோர் இலைக்கும் ஒரு தற்காலிகக் குறிப்பு எழுதும். டிசைன் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் பக்கத்தில் எழுதும், திரும்பப் படிக்கும், மறுபடி எழுதும். நாலரைக்கு அது தன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. மூணேகாலுக்குப் பென் டிரைவில் இருந்தது. ஒவ்வோர் இலைக்கும் அது மாடியைப் பார்த்து "அண்ணீ! பச்சை!" என்று கத்திவிட்டுக் காத்து நின்றிருக்கிறது.



பார்த்துவிடுவது சுலபம். டிசைனை மூணேகாலுக்குள் ஏற்றி மறுபடி ஓடவிட்டால் போதும். காலையில் முத்திரை டிசைனை மெஷினில் போட்டதிலிருந்து பென் டிரைவ் அவள் மேஜையில்தான் இருந்தது. சிவப்பு நூல் மேஜை விளிம்பில் தொங்கியது. ஓரகத்தி அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். பெரியவர் வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் ஏற்றலாம், சத்தம் போடாமல் அழிக்கலாம்.

அவள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

"அக்கா, இதை மூணேகால்ல ஏத்திக்கட்டுமா?"

ஓரகத்தி பச்சைக் கண்டுடன் திரும்பினாள். "ஏத்தறதா? ஒரு வருஷம் போகட்டும்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"பின்னே?"

மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோகூட வாயை மூடியிருந்தாள். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. சின்னவள் கணவனின் மெஷினைக் காட்டினாள்.

"இவர் மெஷின் இப்ப எத்தனையில ஓடுதுக்கா?"

"ஆயிரம். அதான் ஊருக்கே தெரியுமே."

"இப்ப? இந்த நிமிஷம்?"

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "இப்ப ஓடல. நிக்குது. பச்சை இல்லாம எப்படி ஓடும்?"

"ஆனா திரையில ஆயிரம்னுதான் இருக்கு."

"இருக்கு. அதுக்கு?"

"ரேடியோவோடது எழுநூத்தி அம்பதுதான். துணி யாரோடது அதிகம் வந்திருக்குன்னு என் மேஜையைப் பாருங்க."

ஓரகத்தி பார்த்தாள். கணவனும் பார்த்தான். வலப்பக்க அடுக்கு இடப்பக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. அவன் திரையை மறைக்கிற மாதிரி மெல்ல நகர்ந்து நின்றான்.

"மூணேகாலும் அன்னைக்கு இப்படித்தான் நின்னுச்சுக்கா. வேகம் இல்லாம நிக்கல. நூல் வராம நின்னுச்சு. டிசைன் அதுக்குள்ள இல்ல, இதுல இருந்துது." பென் டிரைவைத் தூக்கிக் காட்டினாள். "ஒவ்வொரு தடவையும் இதுகிட்ட கேட்டுக் கேட்டு வாங்கிட்டு இருந்துது. இது ரொம்ப மெதுவாக் குடுக்கும்."

ஓரகத்தி தன் கையிலிருந்த பச்சைக் கண்டையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் பார்த்தாள்.

"அப்ப ரெண்டும் நின்னதுக்கு நான்தான் காரணம்ங்கறியா?"

சின்னவள் அந்த இடத்துக்கு வந்து சேருவோம் என்று நினைத்தே பார்க்கவில்லை. இல்லக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா" என்று வந்துவிட்டது.

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊசிப்பக்கம் குனிந்து இருமுவதுபோல நடித்தாள். வாசலிலிருந்து பெரியவர் உள்ளே வந்தார். "என்ன, எட்டு மாசமாச் சேத்து வச்சதை எல்லாம் இன்னைக்கே பேசிட்டாளா?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஓரகத்தி. பிறகு சின்னவளிடம் திரும்பினாள். "எதுக்குக் கேட்டுட்டு நிக்கறே? நான் பாக்காதப்ப ஏத்திப் பாத்திருக்கலாமே. கையிலதானே வச்சிருந்தே?"

"உங்க சட்டமாச்சேக்கா."

ஓரகத்தி கண்டைக் கொழுந்தன் கையில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூணேகாலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "ஏத்து. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். முடிஞ்சதும் அழிச்சிடணும்."

"அழிச்சிடறேன்க்கா."

டிசைன் ஏறுவதற்கே சற்று நேரம் பிடித்தது. பென் டிரைவின் விளக்கு துடித்துத் துடித்து அடங்கியது. "பாத்தீங்களா, இந்த நேரம்தான்" என்றாள் சின்னவள். ஓரகத்தி தலையாட்டினாள். பெரியவர் நாலரைக்கு முன்னால் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி அதே மரம், அதே இலை.

இந்த முறை ரேடியோ வர்ணனை சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை. மூணேகாலின் விசிறி முதல் தடவையாக இரைந்தது. அந்தச் சத்தம் கேட்டதுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி திரையைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தாள். இலைகள் கிளைகிளையாக நிறைந்துகொண்டே போயின.

நாலு நிமிஷம், பத்து நொடி.

பெரியவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. "இன்னொரு தரம்" என்றார்.

இன்னொரு தரம். நாலு நிமிஷம், எட்டு நொடி. நாலரை அப்போதும் முதல் மரத்தையே முடிக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அது சரி. மூணேகால் எப்படி நாலரையை முந்தும்? நூல் வராம நின்னது சரி. நூல் வந்ததும் ரெண்டும் ஒண்ணாவாவது வரணும் இல்ல? நம்பர் பொய்யா?" என்று கேட்டார் பெரியவர். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நம்பர் பொய் இல்ல மாமா." இந்த முறை வார்த்தைகள் தொண்டையில் உட்காரவில்லை. ஓரகத்தியிடம் பேசிய சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. வெட்டிப்போட்ட துணித்துண்டு ஒன்றை எடுத்தாள். "நம்ம மெஷின்ல ஒரு குத்து ஒரு மில்லியும் போகும், நாலு மில்லியும் போகும். ரெண்டும் ஒரு குத்துதான். நிமிஷத்துக்கு ஆயிரம் குத்து ஒரு மில்லி போட்டா ஒரு மீட்டர். எழுநூத்தி அம்பது குத்து நாலு மில்லி போட்டா?"

"மூணு மீட்டர்" என்றான் கணவன் முந்திக்கொண்டு.

"இது ஒவ்வொரு குத்துக்கும் நீளமா போகுது. அப்புறம், நாலரைக்கு ரெண்டு தலை. இதுக்கு எட்டு. பெரிய மில்லுல ஒரே மெஷின்ல எட்டு ஊசி சேந்து குத்துமே, அந்த மாதிரி. மரத்தை எட்டாப் பங்கு போட்டுக்குது."

பெரியவர் தாடையைத் தடவினார். "ரெண்டு தலைக்கு எட்டு தலைன்னா நாலு மடங்கு வேகமா வரணுமே. வரலையே."

"பங்கு போடறதுக்கும் நேரம் ஆகும் மாமா. சில வேலையைப் பங்கே போட முடியாது."

"நூல்லயும் இப்படித்தானே" என்றாள் ரேடியோ. இதுவரை பேசாமல் இருந்ததே அவளுக்குப் பெரிய தண்டனை. "அறுபதாம் நம்பர் நூல் நாப்பதை விட மெலிசு. பதினாலாம் நம்பர் ஊசி பதினொண்ணை விடத் தடி. நம்பரை மட்டும் பாத்து வாங்கினா நம்ம பொழப்பு என்ன ஆகும்? பெரியவருக்குத் தெரியாததா? ஸ்டிக்கரைப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு."

"ஏய், உன் மெஷின் ஓடல, வாய் ஓடுது" என்றார் பெரியவர். பிறகு கண்ணில் ஒரு குறும்போடு நாலரையின் பக்கம் திரும்பினார். "பங்கே போட முடியாத வேலைன்னு சொன்னியே. வா, அதையும் பாத்துடலாம்."

சட்டையில் பேர் எழுதுவதற்கு அவர்களிடம் ஒரு பழைய மென்பொருள் இருந்தது. ஒரு எழுத்தை முடித்தால்தான் அடுத்த எழுத்துக்குப் போகத் தெரியும் அதற்கு. இரண்டிலும் நாற்பது பேர்களைக் கொடுத்தார்கள். நாலரை ஆறு நொடி. மூணேகால் ஏழு.

"பாத்தியா!" பெரியவர் மேஜையைத் தட்டிய தட்டில் கடிகாரம் கீழே விழுந்தது. "என் நாலரை!"

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிக்கும் சத்தத்தை அந்தப் பட்டறை அன்றுதான் கேட்டது. "பேர் எழுதற வேலை எல்லாம் நாலரைக்குத்தான் மாமா. மரம் மூணேகாலுக்கு."

"மரம் யாருக்கு?" என்றார் பெரியவர். "மூணேகால்ல நீதானே உக்காரப்போறே? உனக்குன்னு சொல்லு."

எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். சின்னவள் சொன்ன சொல் மறக்காமல் மூணேகாலில் அந்த டிசைனைத் தேடி எடுத்தாள். அழிக்கட்டுமா என்று கேட்டு நின்றது திரை. ஓரகத்தி இன்னும் அந்த ஸ்டூலிலேயே இருந்தாள்.

"என்ன பண்றே?"

"அழிக்கறேன்க்கா. சொன்னேன் இல்ல."

"இரு." ஓரகத்தி திரையில் இருந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒவ்வொரு காலையிலும் உனக்கு ஏத்தி, ஒவ்வொரு சாயங்காலமும் உன்னை அழிக்கச் சொல்லி, பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டு இருக்க எனக்கு வேற வேலை இல்லையா? இருக்கட்டும்."

"ஒரு வருஷம்னு..."

"எட்டு மாசம் ஆச்சே. கிட்டத்தட்ட வந்தாச்சு."

மூணேகால் வந்து ஆறு நாள்தான் ஆகிறது என்று சின்னவள் சொல்ல நினைத்தாள். அந்த ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் பெரியவர் கடைக்குப் போகவில்லை. ரேடியோ செருப்பைக் கழற்றும்போதே சுவரோரப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் கேட்காமல் அதைக் கவிழ்த்து, அடியைப் பிளந்து, வட்ட வட்டமாக ஓட்டை போட்டாள். அரைமணியில் அது நூல்கண்டு நிறுத்தும் தட்டாகிவிட்டது. ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு நிறம். அதைச் சின்னவளின் கணவனுடைய மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"இந்தாங்க. இனிமே மாடியைப் பாத்துக் கத்த வேண்டாம், காது வலிக்குது."

"உனக்கா காது வலிக்குது?" என்றான் அவன். ஆனால் தட்டை வாங்கிக்கொண்டான். அலமாரிச் சாவி அன்று ஓரகத்தியின் இடுப்பில் இல்லை. இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஓர் ஆணியில் தொங்கியது. அவன் திரையில் எண்ணூற்றைம்பதாகக் குறைத்து வைத்தான். ஆயிரத்தில் அடிக்கடி அறுந்த நூல் இப்போது அறாமல் ஓடியது. பதினோரு மணிக்கு ஓரகத்தி இறங்கி வந்து பார்த்தாள். பிசிர் மேஜையில் இரண்டு அடுக்கும் ஒரே உயரத்தில் இருந்தன. வெட்ட ஆள் இல்லாமல் குவிந்துகிடந்தன.

"பிசிர் யார் வெட்டறது?" என்று கேட்டாள்.

மற்ற நாலு பேர் கையும் வேலையில் இருந்தது. அவளே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

சின்னவள் மூணேகாலுக்கு முன்னால் இருந்தாள். பெரியவர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இலையின் நரம்பில் ஊசி எந்தத் திசையில் போகவேண்டும் என்று விரலால் காட்டினார். அவள் ஓர் இலையை நகர்த்தினாள். விசிறி இரைந்தது. பெரியவர் பழக்கதோஷத்தில் எழுந்து டீ போடப் போனார். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் படிக்கு வந்து எட்டிப் பார்ப்பதற்குள் மரம் முடிந்துவிட்டது.

"மாமா, முடிஞ்சிடுச்சு."

"அதுக்குள்ளயா? ஒரு வாய் டீ குடிக்கவிடாதா இது?" என்று படியில் நின்றபடியே முணுமுணுத்தார். "நாலரைக்கு எவ்வளவோ மரியாதை தெரியும்."